வாயால் சொன்ன வானம்

எங்கள் மையத்தில் புதிதாக வகுப்பெடுக்க வருகிறவர் யாராக இருந்தாலும் முதல் நாளே ஒரு விதியைச் சொல்லிவிடுவோம். திரையில் எந்தப் படத்தைக் காட்டினாலும் அதில் என்ன இருக்கிறது என்று வாயால் சொல்ல வேண்டும். 'இதோ பாருங்கள்' என்றுவிட்டு அடுத்த படத்துக்குப் போகக் கூடாது.

நான் ஓய்வு பெற்ற பிறகு என் இடத்துக்கு வந்திருக்கும் கவிதா போன வாரம் போன் செய்தார். "மேடம், இனிமே நிறைய வகுப்பைப் பதிவு பண்ணியே வைக்கப் போறோம். இந்த விதியால வீடியோ நீளமாகுதுன்னு சில பேர் சொல்றாங்க. இது எப்படி வந்துச்சுன்னு எழுதிக் குடுங்களேன். புதுசா சேந்தவங்களுக்கும் தெரியட்டும்" என்றார். நேரில் பேசச் சொன்னால் மணிக்கணக்கில் பேசுவேன். எழுதுவதுதான் எனக்குப் பழக்கமில்லை. இருந்தாலும் முயல்கிறேன்.

என் பெயர் ராஜேஸ்வரி. படித்து முடித்ததும் திருச்சியில் ஒரு தனியார் மருத்துவமனையில் டெலிபோன் ஆபரேட்டராகச் சேர்ந்தேன். முகம் தெரியாதவர்களின் குரலை மட்டும் வைத்துக்கொண்டு அவர்களுக்கு என்ன வேண்டும் என்று கண்டுபிடிப்பது அங்கே கற்றது. ஆளாளுக்குக் கையில் செல்போன் வந்ததும் அந்த வேலை போயிற்று. மலைக்கோட்டைக்குக் கீழே ஒரு ஜவுளிக்கடையின் மாடியில், பெரியவர்களுக்காக மாலை வகுப்பு நடத்தும் மையத்தில் சேர்ந்தேன். பரீட்சையோ சான்றிதழோ கிடையாது. தெரிந்துகொள்ள ஆசைப்படுகிற யாரும் வரலாம். நாற்காலி போடுவது, மைக் வைப்பது, டீ சொல்வது எல்லாம் என் பொறுப்பு. கீழே தீபாவளிக் கூட்டம் முண்டியடிக்கும்போது, மேலே பல்லவர் குடைவரை பற்றிப் பேச்சு நடந்துகொண்டிருக்கும்.

கொரோனா வந்து மாடியைப் பூட்டினோம். வகுப்புகள் இணையத்துக்கு மாறின. எல்லாம் சரியான பிறகும் அப்படியே தொடர்ந்தோம். காரணம், மலைக்கோட்டைக் கடைவீதியில் நெரிபட்டு மாடியேற முடியாத பலர் அதற்குள் எங்களோடு சேர்ந்துவிட்டார்கள்.

இணைய வகுப்பில் என் வேலை வாசலில் நிற்பது போன்றது. வகுப்பு தொடங்குவதற்கு வெகு முன்பே அறையைத் திறந்து வைத்துவிடுவேன். உள்ளே வருகிற ஒவ்வொருவரையும் பெயர் சொல்லி வரவேற்பேன். "சாந்தி மேடம், உங்க மைக் திறந்திருக்கு, குக்கர் சத்தம் கேக்குது" என்பேன். மண்ணச்சநல்லூரில் அரிசி ஆலை வைத்திருக்கும் நடராஜன் என்பவர் மைக்கைத் திறந்தாலே ஆலை மொத்தமும் எங்களோடு வகுப்புக்கு வந்துவிடும். கேள்வி கேட்க வேண்டுமென்றால் அவர் எழுந்து பின்பக்கம் போய்விடுவார். அதுவரை எல்லாரும் காத்திருப்போம். கரண்ட் போனால் உதவட்டும் என்று இன்னொரு போனிலும் அதே வகுப்பைத் திறந்து வைத்திருப்பேன். ஆசிரியரின் இணைப்பு அறுந்தால் அவர் திரும்பி வரும்வரை நான் பேச வேண்டும். எனக்கு எதுவும் தெரியாது என்பதால், வந்திருப்பவர்களையே பேச வைத்துவிடுவேன். சில நாள் அதுதான் வகுப்பின் நல்ல பகுதியாக இருந்தது.

மையத்தின் இயக்குநர் நூர்ஜஹான் மேடம். முன்பு பள்ளித் தலைமையாசிரியராக இருந்தவர். ஆனால் எங்களிடம் ஒரு நாளும் குரல் உயர்த்தியதில்லை. சிக்கலான விஷயம் எதைக் கொண்டு போனாலும் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி, முந்தானையில் துடைத்து, திரும்ப மாட்டிக்கொண்டு, "நாளைக்குக் காலையில பேசுவோம்" என்பார். தட்டிக் கழிக்கிறார் என்று ஆரம்பத்தில் நினைத்தேன். மறுநாள் நான் அலுவலகம் வருவதற்குள் அவரே போன் செய்துவிடுவார். அதற்குள் முழுவதையும் யோசித்து முடித்திருப்பார். யாராவது ஒரு வகுப்புக்கு வருவதை நிறுத்திவிட்டால், "ஏன் வரலைன்னு அவங்களக் கேக்காதீங்க ராஜி. நாம என்ன பண்ணினோம்னு கேளுங்க" என்று சொல்லுவார். இரண்டு கேள்விக்கும் கிடைக்கிற பதில் வேறு என்பது அனுபவத்தில்தான் தெரிந்தது.

வானியல் வகுப்பை சடகோபன் சார் எடுத்தார். கல்லூரியில் இயற்பியல் பேராசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். ஸ்ரீரங்கத்தில் உத்திர வீதியில் வீடு. பளிச்சென்று நெற்றியில் திருமண்ணோடு திரையில் வந்து உட்கார்ந்தாரென்றால் நட்சத்திரங்களைத் தன் சொந்தக்காரர்கள் போலப் பேசுவார். படங்கள் அருமையாக இருக்கும். ஒவ்வொன்றாகத் தேடி எடுத்து அடுக்கி வைத்திருப்பார்.

அந்த வகுப்பில் சேர்ந்தவர்களில் முசிறியைச் சேர்ந்த தங்கராசுவும் ஒருவர். வாழை விவசாயி. புதிதாகச் சேருகிறவர்களை நான் போனில் அழைத்து என்ன தெரிந்துகொள்ள ஆசை என்று கேட்பது வழக்கம். "வானத்தப் பத்திங்க. சின்ன வயசுல தண்ணி பாய்ச்சப் போறப்ப எல்லாம் அண்ணாந்து பாத்துக்கிட்டே இருப்பேன். என்ன ஏதுன்னு சொல்ல ஆளில்ல" என்றார். நிதானமான, கனத்த குரல். வகுப்பில் அவர் கேமராவைத் திறப்பதில்லை. பலரும் திறப்பதில்லை என்பதால் எனக்கு அது வித்தியாசமாகத் தெரியவில்லை.

முதல் சில வகுப்புகளில் அவர் பேசவில்லை. ஒரு நாள் சடகோபன் சார் வேட்டைக்காரன் விண்மீன் கூட்டத்தின் படத்தைக் காட்டி, "இந்த மூணும் ஒரே கோட்டுல இருக்கு பாருங்கோ" என்றார்.

"எந்த மூணுங்க சார்?" என்று தங்கராசு கேட்டார்.

"இதோ, அம்புக்குறி காட்டறேனே."

"படத்துல மேலயா கீழயாங்க?"

அன்றைக்கு இணைப்பு விட்டு விட்டு வந்துகொண்டிருந்தது. சார் ஏற்கெனவே ஒரு படத்தை மூன்று தடவை விளக்கியிருந்தார். பொறுமை போய்விட்டது. "கண்ணைத் தொறந்து பாத்தாத் தெரியும்" என்றார்.

தங்கராசு, கோபமே இல்லாமல், "எனக்குப் பார்வை கெடையாதுங்க சார். நீங்க வாயால சொன்னீங்கன்னா புரிஞ்சுக்குவேன்" என்றார்.

சடகோபன் சாரின் முகம் திரையில் அப்படியே நின்றது. இணைப்புதான் போய்விட்டது என்று நினைத்தேன். இல்லை, இணைப்பு இருந்தது. கடைசியில், "இன்னிக்கு இத்தோட நிறுத்திக்கலாம்" என்றுவிட்டு வெளியேறினார். மீதி நேரத்தில் என்ன செய்வதென்று தெரியாமல் எல்லாருக்கும் வணக்கம் சொல்லி அறையை மூடினேன்.

அடுத்த வகுப்புக்குத் தங்கராசு வரவில்லை. சடகோபன் சாரும் வரவில்லை. 'பெரிய அபசாரம் பண்ணிவிட்டேன். இனி வகுப்பெடுக்கும் யோக்கியதை எனக்கில்லை. வேறு ஒருவரைப் பார்த்துக்கொள்ளுங்கள்' என்று எனக்கு ஒரு செய்தி மட்டும் வந்தது. அதை நூர்ஜஹான் மேடத்திடம் காட்டினேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மறுநாள் காலை போன் வந்தது.

"ரெண்டு பேரையும் போன்ல சரி பண்ண முடியாது ராஜி. நான் ஸ்ரீரங்கம் போறேன். நீங்க முசிறிக்குப் போயிட்டு வாங்க."

"அவர்கிட்ட என்ன சொல்லணும் மேடம்?"

"எதுவும் சொல்லாதீங்க. கேட்டுட்டு வாங்க."

சத்திரம் பேருந்து நிலையத்தில் முசிறி பஸ் ஏறினேன். வழியெல்லாம் என்ன பேசுவதென்று மனதுக்குள் ஒத்திகை பார்த்துக்கொண்டே போனேன். வாழைத்தோட்டத்தை ஒட்டிய ஓட்டு வீடு. தங்கராசு கட்டிலில் உட்கார்ந்து வாழைநார் உரித்துக்கொண்டிருந்தார். அறுபதை நெருங்கிய மனிதர். சர்க்கரை நோயில் நாற்பதுகளிலேயே பார்வை போய்விட்டதாம். அவர் மனைவி மலர்க்கொடி எனக்குக் காப்பி கொடுத்துவிட்டு நிலைப்படியிலேயே நின்றுகொண்டார். சென்னையில் இருக்கும் மகள் போனை வாங்கிக் கொடுத்து வகுப்பிலும் சேர்த்துவிட்டிருக்கிறாள். லிங்க்கை அழுத்திக் கொடுப்பது மலர்க்கொடியின் வேலை.

"நாங்க என்ன தப்புப் பண்ணினோம்னு கேக்கத்தான் வந்தேன்" என்றேன்.

தங்கராசு சிரித்தார். "அவரு சொன்னது எனக்கொன்னும் பெருசாப் படலைங்க. அவருக்கு எப்படித் தெரியும்? நாந்தான சொல்லல. சொல்லியிருந்தா, வேற கிளாஸ் எதாச்சும் சேருங்கன்னு சொல்லியிருப்பீங்க."

எனக்கு மறுக்கத் தோன்றவில்லை. நாங்கள் அப்படித்தான் சொல்லியிருப்போம்.

"அப்புறம் ஏன் வரல?"

"அத்தன பேரு ஆசையா வந்து உக்காந்திருந்தாங்க. என்னால அன்னிக்குக் கிளாஸே நின்னு போச்சு. அவரு பாதியில விட்டுட்டுப் போனாரு பாருங்க, அதான் தாங்கல. அவரு எங்கிட்ட மன்னிப்பெல்லாம் கேக்க வேணாங்க. நடத்தச் சொல்லுங்க. அவ்வளவுதான்."

நிலைப்படியிலிருந்து மலர்க்கொடி பேசினார். "கிளாஸ் அன்னிக்குச் சாயங்காலமே சட்டைய மாத்திக்கிட்டு உக்காந்திருப்பாருங்க. யாரும் பாக்கப் போறதில்ல, ஆனாலும் துவைச்ச சட்டைதான். போன கிளாஸ் அன்னிக்கு அது இல்ல."

திரும்பி வரும்போது ஒரு சீப்பு பூவன் பழத்தைப் பையில் போட்டுக் கொடுத்தார்கள்.

ஸ்ரீரங்கத்தில் நடந்ததை நூர்ஜஹான் மேடம் பிறகு சுருக்கமாகத்தான் சொன்னார். சடகோபன் சார் வெகுநேரம் தன்னைத் தானே நொந்துகொண்டிருக்கிறார். மேடம் முழுவதையும் கேட்டுவிட்டு, "நீங்க வருத்தப்படறது எல்லாம் உங்களுக்காக சார். அவருக்காக என்ன பண்ணலாம்னு யோசிச்சீங்களா?" என்று கேட்டிருக்கிறார். சார் எழுந்து உள்ளே போனாராம். கோபித்துக்கொண்டு போய்விட்டார் என்று மேடம் நினைத்திருக்கிறார். ஆனால் சார், படங்களை வாயால் சொல்லிப் பார்க்க மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு திரும்பி வந்தாராம்.

அதன் பிறகுதான் எனக்கு வேலை வந்தது. வகுப்புக்கு முந்தின நாள் சார் எனக்குப் போன் செய்வார். நான் கண்ணை மூடிக்கொண்டு உட்கார வேண்டும். அவர் ஒவ்வொரு படமாகச் சொல்ல வேண்டும். எனக்குப் புரிந்தால்தான் அடுத்த படம்.

"இது சனிக் கிரகம். ரொம்ப அழகா இருக்கும்" என்று தொடங்கினார்.

"சார், எனக்கு ஒன்னுமே தெரியல."

"வளையத்தோட இருக்கும்."

"காதுல போடற மாதிரியா சார்?"

அவர் பெருமூச்சு விட்டது போனில் கேட்டது. "சரி. ஒரு சாத்துக்குடியை எடுத்துக்கோங்கோ. ஒரு பெரிய அப்பளத்துல நடுவில வட்டமா வெட்டி எடுத்துடுங்கோ. அந்த ஓட்டைக்குள்ள சாத்துக்குடி நிக்கறது. ஆனா அப்பளம் அதைத் தொடலை. சுத்திவர இடைவெளி இருக்கு. அப்பளம் கொஞ்சம் சாஞ்சிருக்கு."

கண்ணை மூடியிருந்த எனக்குச் சனி தெரிந்தது. அதுவரை எத்தனையோ தடவை அந்தப் படத்தைத் திரையில் பார்த்திருக்கிறேன். வளையம் கிரகத்தைத் தொடாமல் நிற்கிறது என்பது அன்றைக்குத்தான் என் மனதில் பதிந்தது.

அப்படியே ஒவ்வொன்றும் வந்தது. முழுநிலவு எவ்வளவு பெரிதாகத் தெரியும் என்பதற்கு, "கையை நீட்டிச் சுண்டு விரலைத் தூக்குங்கோ. அந்த நகம் நிலாவை மறைச்சுடும்" என்றார். வேட்டைக்காரன் கூட்டத்துக்கு ஒரு பெரிய உடுக்கையைச் சொன்னார். உடுக்கையின் இடுப்பில் கயிறு கட்டுகிற இடத்தில்தான் அந்த மூன்று நட்சத்திரமும்.

தங்கராசு திரும்பி வந்தார். சடகோபன் சார் அவர் பெயரைத் தனியாகச் சொல்லவில்லை. "போன தடவை விட்ட எடத்துலேர்ந்து ஆரம்பிக்கலாம்" என்று மட்டும் சொல்லி உடுக்கையைத் தொடங்கினார். முடிந்ததும், "தெரியறதா?" என்று பொதுவாகக் கேட்டார். "தெரியுதுங்க சார்" என்று முதலில் வந்தது தங்கராசுவின் குரல்தான். சார் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

எல்லாருக்கும் இது பிடித்தது என்று சொல்ல மாட்டேன். வகுப்பு மெதுவாகப் போகிறது என்று ஒரு வங்கி அதிகாரி விலகிவிட்டார். மேடம் அவரிடமும் பேசிப் பார்த்தார். அவர் திரும்பவில்லை. ஆனால் நடராஜன், "ஆலைக்குள்ள நடந்துக்கிட்டே காதுல மாட்டிக் கேக்குறேன் மேடம், படமே பாக்காம எல்லாம் புரியுது" என்றார். சமைத்துக்கொண்டே கேட்பவர்களும் அதையே சொன்னார்கள். அப்படித்தான் அது எங்கள் எல்லா வகுப்புகளுக்கும் விதியாயிற்று.

கவிதா கேட்ட கேள்விக்குப் பதில் இங்கே முடிந்துவிட்டது. ஆனால் அதன் பிறகு நடந்ததற்காகத்தான் நான் இந்த வேலைக்கு நன்றி சொல்கிறேன்.

வானியல் வகுப்பின் கடைசி நாளில் பாடம் வேண்டாம், பொழுது சாயும் நேரத்தில் அவரவர் மாடிக்கோ வாசலுக்கோ போய் மேற்கே பார்க்கலாம் என்று சார் ஏற்பாடு செய்திருந்தார். பிறை நிலவும் அதன் பக்கத்தில் வெள்ளிக் கிரகமும் தெரியும் நாள் அது. எல்லாரும் போனைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றோம். ஸ்ரீரங்கத்தில் ஒரே மேகம். தில்லைநகரில் என் மொட்டை மாடியிலும் மேகம். மண்ணச்சநல்லூரிலும் அப்படியே. "ஒன்னும் தெரியலையே" என்று சார் சொன்னது பரிதாபமாக இருந்தது. இந்த ஒரு மாலைக்காக அவர் எத்தனை நாள் பேசியிருந்தார்.

"சார், இங்க மேகம் இல்லயாமுங்க" என்றார் தங்கராசு. "எங்க வீட்டுல பாத்துச் சொல்லுறாங்க." பிறகு குரல் சற்றுத் தள்ளிக் கேட்டது. "நீயே சொல்லு புள்ள. போனப் பாத்துப் பேசு."

மலர்க்கொடி வகுப்பில் பேசியது அதுதான் முதல் தடவை. "நிலா தேங்காக் கீத்தாட்டம் இருக்குங்க. மெல்லிசாக் கீறுனது. கீழ்ப்பக்கந்தான் வெளிச்சம். மிச்ச வட்டமும் லேசாத் தெரியுது, சாம்பக் கலர்ல."

"பக்கத்துல?" என்று கேட்டார் சார்.

"எடது பக்கம் ஒரு வெளிச்சம். கைய நீட்டுனா நாலு வெரக்கடை தள்ளி. நல்லா வெள்ளையா இருக்கு."

"சிமிட்டறதா?"

கொஞ்சம் பொறுத்துத்தான் பதில் வந்தது. உற்றுப் பார்த்திருக்கிறார். "இல்லீங்க. அது பாட்டுக்கு நிக்குது."

"அப்போ வெள்ளியேதான்" என்றார் சடகோபன் சார். "கிரகம் சிமிட்டாது. நட்சத்திரந்தான் சிமிட்டும். இன்னும் சொல்லுங்கோ அம்மா, நாங்க எல்லாரும் கேட்டுண்டிருக்கோம்."

இருட்டும்வரை மலர்க்கொடி சொல்லிக்கொண்டே இருந்தார். நிலா தென்னைக்குப் பின்னால் இறங்கியதையும் சொன்னார். மேகத்தைப் பார்த்துக்கொண்டு நாங்கள் அனைவரும் முசிறியின் வானத்தைக் கேட்டோம்.

மறுநாள் மலர்க்கொடியே எனக்குப் போன் செய்தார். இத்தனை நாளும் அவர் கணவருக்காக மட்டும்தான் பேசியிருக்கிறார்.

"மேடம், எனக்கும் ஒரு கிளாஸ் வேணுங்க. தனியா, எம்பேருல."

"தாராளமா சேரலாம்மா. எதைப் பத்தி?"

"கண்ணு எப்படிப் பாக்குதுன்னு சொல்லித் தர்ற கிளாஸ் இருக்குங்களா?"

அவரே தொடர்ந்தார். "அவருக்குப் பார்வை கொறையறப்ப ஆஸ்பத்திரியில டாக்டரு படமெல்லாம் வரஞ்சு சொன்னாருங்க. இவரு உள்ள இருந்தாரு. நான் பையத் தூக்கிக்கிட்டு வெளிய நின்னேன். உள்ளார என்ன கெட்டுப் போச்சுன்னு எனக்கு இன்னிவரைக்கும் தெரியாது. இவர்கிட்டயும் கேக்க மனசு வரல."

அப்படி ஒரு வகுப்பு எங்களிடம் இல்லை. நூர்ஜஹான் மேடம் பலரிடம் விசாரித்து, ஓய்வு பெற்ற கண் மருத்துவர் ஒருவரைச் சம்மதிக்க வைத்தார். ஒரே ஒருவர் கேட்டதற்காகத் தொடங்கிய வகுப்பு. ஆனால் அறிவித்ததும் இடம் நிரம்பிவிட்டது.

டாக்டர் விழித்திரையைப் பற்றிச் சொன்ன அன்று மலர்க்கொடி கேட்டார். "சக்கரையில கெட்டுப் போனது அந்தத் திரைதானுங்களா?"

"ஆமாம்மா. அதுல இருக்கற சின்னச் சின்ன ரத்தக் குழாய் கசிய ஆரம்பிக்கும். ஆரம்பத்துல வலியிருக்காது. பார்வையும் நல்லாத்தான் இருக்கும். அதனால யாரும் வர்றதில்ல."

"நல்லாப் பார்வை தெரியறப்பவே கெட ஆரம்பிச்சிருமா?"

"ஆரம்பிச்சுடலாம். சர்க்கரை இருக்கவங்க வருஷா வருஷம் பாத்துக்கணும்."

அதற்கு மேல் அவர் கேட்கவில்லை. அந்த வாரமே மகளை வரவழைத்துக்கொண்டு திருச்சிக்கு வந்து டாக்டரிடம் தன் கண்ணைக் காட்டியிருக்கிறார். அவருக்கும் சில வருடங்களாகச் சர்க்கரை இருந்தது. எங்களில் யாருக்கும் அது தெரியாது. ஒரு கண்ணில் கசிவு தொடங்கியிருந்தது. சிகிச்சை செய்தார்கள். நேரத்தில் வந்ததால் பார்வை தப்பியது. இதை அவரே எனக்குப் போனில் சொன்னார்.

"நல்ல வேளைம்மா" என்றேன்.

"ஆமாங்க மேடம். எங்கண்ணு போச்சுன்னா ரெண்டு பேருக்குல்ல போகும்" என்றார்.

டெலிபோன் போர்டில் உட்கார்ந்த நாள் முதல் எத்தனையோ குரல்களைக் கேட்டுவிட்டேன். வேலையில் எனக்குக் கிடைத்த பெரிய வெகுமதி எது என்று யாராவது கேட்டால் இந்த ஒரு வாக்கியத்தைத்தான் சொல்வேன். இதில் என் பங்கு மிகச் சிறிது. முசிறிக்கு ஒரு பஸ் ஏறினேன், கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்தேன், அவ்வளவுதான். மற்றதைச் செய்தவர்கள் வேறு. அவர்கள் நடுவில் உட்கார எனக்கு ஓர் இடம் கிடைத்தது.

நான் ஓய்வு பெறும் நாளில் எல்லா வகுப்பினரும் இணையத்தில் ஒரு பிரிவுபசாரக் கூட்டம் வைத்தார்கள். நூர்ஜஹான் மேடம் பேசினார். சடகோபன் சார் பெருமாள் பிரசாதம் அனுப்பியிருப்பதாகச் சொன்னார். நடராஜன் அன்றைக்கு ஆலையையே நிறுத்திவிட்டு வந்திருந்தார். தங்கராசு துவைத்த சட்டையோடு கேமரா முன்னால் உட்கார்ந்திருந்தார். கடைசியாக மலர்க்கொடி, "மேடம், நாளையிலேர்ந்து நீங்க என்ன படிக்கப் போறீங்க?" என்று கேட்டார்.

இத்தனை வருடம் வாசலில் நின்றேனே தவிர, எனக்கென்று ஒரு வகுப்பில் நான் சேர்ந்ததே இல்லை. அதை யாரும் என்னிடம் கேட்டதும் இல்லை.

"நாங்க அடுத்த வாரத்துலேர்ந்து பறவைங்க கிளாஸ்ல சேர்றோம்" என்றார் அவர். "நீங்களும் வந்துருங்க."

சேர்ந்துவிட்டேன்.